பசித்த மண்

மண்ணில் எண்ணெய் துளியும் இல்லை என்று வயலோரத்தில் நட்டிருந்த மண்காட்டிக் கருவி பச்சை விளக்கை எரித்துக்கொண்டிருந்தது. அதன் காலடியிலேயே செங்கமலத்தின் நெற்பயிர் வெளுத்துச் சாய்ந்து கிடந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எண்ணெய்க் கம்பெனியின் குழாய் வெடித்து, அவளுடைய மூன்று மா நிலமும் கச்சா எண்ணெயில் ஊறிப்போனது. ஊரைத் திரட்டிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் உட்கார்ந்தாள். போலீஸ் அடியில் தோள்பட்டை இறங்கியது. எண்ணெய்க் கிணற்றை மூடவைத்த பிறகுதான் எழுந்தாள்.

அதற்குப் பின் நுண்ணுயிர் ஆய்வாளர் ரஹீமா வந்தார். அந்த மண்ணிலேயே எண்ணெயைத் தின்று பிழைத்திருந்த கிருமிகளைப் பொறுக்கிப் பெருக்கினார். சாணமும் வைக்கோலும் சேர்த்து உழவைத்தார். 'எண்ணெய்த்தின்னி' என்று பெயர். ஆறே போகத்தில் நிலம் தெளிந்தது. டெல்டா முழுக்கத் தூவினார்கள்.

இப்போது ரஹீமா வரப்பில் குந்தி, வெளுத்த நெல் இலை ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் தீந்தா அதுங்களும் செத்துடும்னு சொன்னீங்களே, டாக்டரம்மா?"

"சொன்னேன்க்கா. சாகல. நெல்லோட இலையிலயும் வேர்லயும் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு. பயிரு காயாம காக்குறது அதுதான். பசியில அதைத் திங்கப் பழகிடுச்சுங்க."

"மருந்தடிச்சுக் கொல்ல முடியாதா?"

"மண்ணுல மத்த உசுரெல்லாம் செத்துடும். இது சாகாது."

"வேற என்னதான் வழி?"

"வயித்துக்கு ஏதாவது போட்டுட்டே இருந்தா பயிரை விட்டுடும்."

"என்னத்தப் போடறது?"

ரஹீமா மூடிக்கிடந்த எண்ணெய்க் கிணற்றின் பக்கம் திரும்பினார். செங்கமலத்துக்குப் புரிந்துவிட்டது.

மறுவாரம் கம்பெனி மேலாளர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். "கிணத்தைத் திறக்கணும்னு ஊர்க்காரங்களே எழுதிக் குடுத்தா நல்லதும்மா. முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும்." அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கையெழுத்துப் போட்டாள்.

கிணறு திறந்த ஏழாம் நாள் தெளிப்பு வண்டி வயலுக்குள் இறங்கியது. பக்கத்து வரப்புகளில் ஆட்கள் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். கறுத்த எண்ணெய் தூவானமாக விழுந்தது. அந்த நாற்றத்தில் குமட்டல் எடுக்க, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு செங்கமலம் வண்டியின் பின்னாலேயே நடந்தாள்.

ஒரு சுற்று முடித்து ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அண்ணே, நிறுத்தாதீங்க," என்று அவள் கத்தினாள். "வடக்கு மூலை விட்டுப்போச்சு. அங்கயும் ஊத்துங்க."