மணிக்கட்டில் ஒரு பழுதுக் குறி

மின்சாரம் போய் வந்த மறுநாள் காலையில் எங்கள் மீட்பு நிலையத்தின் வரிசை துறைமுக வாசல்வரைக்கும் நிற்கும். இன்றைக்கும் நின்றது. தூத்துக்குடிக்கு இந்த மாதத்தில் இது ஐந்தாவது தடவை. பதினோரு வருஷமாக எனக்கு இதே நாற்காலி, இதே வேலை. மனிதர்களின் முகத்தைவிடக் காதின் பின்பக்கம்தான் நன்றாகப் பழக்கம்.

பெருங்காய்ச்சலுக்குப் பிறகு யாருடைய தலையிலும் எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. தங்க வேண்டியதெல்லாம் காதுக்குப் பின்னால் பதித்த நினைவுப்பேழையில் இருக்கிறது. அது ஊர் மின்கோபுரத்திலிருந்து வரும் மின்சாரத்தில் ஓடுகிறது. பேழைக்குள் ஒரு தலைப்பக்கம் உண்டு. பேழை நலமா, பழுதா, பழுதென்றால் எந்த இடத்தில் என்று அதுதான் சொல்லும். கூடவே ஒரு ஜர்னல், அதாவது நாளேடு. மின்சாரம் திடீரென்று போனால், பாதியில் நின்ற நினைவுகளை நாளேட்டிலிருந்து திரும்ப ஓட்டி எழுதுவது என் வேலை. ஓட்டும்போது தலையில் மிச்சமிருக்கும் அந்த அரை மணி நேரமும் அழிந்துபோகும்.

இதில் ஒரு வில்லங்கம். நாளேட்டில் தலைப்பக்கத்தின் பழைய நகலும் இருக்கும். மின்சாரம் போவதற்கு முந்தையது என்பதால் அதில் 'நலம்' என்றுதான் இருக்கும். ஓட்டும்போது அது வந்து 'பழுது' என்ற புதுக் குறியின்மேல் உட்கார்ந்துவிடும். பேழை கெட்டிருக்கும், கெட்டது அதற்கே தெரியாது. அதனால் ஓட்டுவதற்கு முன்பே பழுது என்ன என்று அவரவர் கையாலேயே மணிக்கட்டில் எழுத வைப்போம். கருவியில் குறித்தால் அடுத்த மின்வெட்டில் அதுவும் போகும், தோல் போகாது. ஓட்டி முடித்ததும் அதைப் பார்த்துக் குறியைத் திரும்பப் போட வேண்டும்.

ஒருமுறை அவசரத்தில் நான் எழுத வைக்கவில்லை. அற்புதம் என்ற அந்த அம்மா ஆறு மாதம் 'நலம்' என்றே நடமாடினாள். கெட்ட பேழையில் எழுத எழுதப் பழுது பரவி, கடைசியில் தன் வீட்டைத் தாண்டி நடந்துபோய்க்கொண்டே இருந்தாள். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பதினேழாவதாக மிக்கேல் அண்ணன் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு மக இருக்கா. பேரு வரமாட்டேங்கு. மொகமும் வரல. எம்புட்டுத் தேடியும் கெடைக்கல."

"எழுதுங்கண்ணே."

'மகள் பேர் வரவில்லை' என்று எழுதினார். "பொறவு நான் என்ன சொன்னாலும் கேக்காத. குறியைப் போட்டுரு. இப்பிடி ஒருத்தி இருக்காங்கதையே மறந்துட்டேன்னா நான் மனுசனே இல்ல."

நான்கு நிமிடம் ஓட்டினேன். கண் திறந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"முடிஞ்சிட்டா? ரெண்டு மணிக்குக் கப்பல் வருது." மணிக்கட்டைப் பார்த்தார். "இது என்னது? எனக்கேது மக?"

"உங்க எழுத்துதாண்ணே."

"என் எழுத்துதான். ஏதோ பயத்துல எழுதிருப்பேன். இந்தா, திரையில 'நலம்'னுதான காட்டுது? குறியைப் போட்டா நாப்பது நாள் பேழையைப் பூட்டிருவாங்க, கிரேன் லைசென்ஸையும் வாங்கிருவாங்க. விட்டுரு தங்கச்சி. நான் நல்லாத்தான் இருக்கேன்."

நன்றாகத்தான் இருந்தார். அதுதான் கொடுமை. அப்போது கெஞ்சியவரும் இவர்தான், இப்போது கெஞ்சுபவரும் இவர்தான். யார் பேச்சைக் கேட்பது? இருந்த அலுப்பில், பேசாமல் அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், யாரும் கேட்கப்போவதில்லை. அற்புதம் நினைவுக்கு வந்தாள். குறியை அழுத்தினேன்.

"பாவி!" என்று கத்தினார். குறி விழுந்தால்தான் பேழை தன் ஓட்டையைத் திரும்பிப் பார்க்கும். பார்த்தது. அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"ஒருத்தி இருக்கா," என்றார் மெதுவாக. "எம் மக. அவ பேரு என்ன தங்கச்சி?"

குறி விழுந்த பேழையை வாசிக்கலாம், அதில் எழுத முடியாது. நாற்பது நாள் சோதித்துத் தைத்து முடிக்கும்வரை அவரிடம் சொல்லும் எதுவும் தங்காது. மிச்சம் இருப்பதாவது கெடாமல் இருக்கும்.

கதவைத் திறந்தேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, வெளியே பெஞ்சில் துறைமுகச் சீருடையில் இருந்த பெண் எழுந்தாள்.

"அப்பாக்குச் சரியாயிட்டாக்கா?"

"சரியாகல. உன் பேரைக் கேப்பாரு, சொல்லு. அரை மணி நேரத்துல திரும்பவும் கேப்பாரு."

"நாப்பது நாளுமா?"

"நாப்பது நாளும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எழுதியிருந்ததைப் படித்தாள்.

"மெற்றில்டாப்பா."

"மெற்றில்டா," என்று அவர் சொல்லிப் பார்த்தார். "நல்ல பேரு. ஆரு வச்சது?"

"நீங்கதான்ப்பா."