அறுந்த கேபிளில் ஆம்பியர்

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வயர்மேனும் ஃபிட்டரும் ஆலையின் பழைய பேனல் அறையைத் திறந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. எண்ணெயும் தூசியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. பேனலைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லை. வயர்மேனுடைய தங்கையின் கணவர் போன மழைக்காலத்தில் உயிரை விட்டது இங்கேதான். நின்றிருந்த மோட்டாரின் கேபிளில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தார். பூஜ்யம் காட்டியது. சப்ளை இல்லை என்று நம்பிக் கை வைத்துவிட்டார். அந்த மீட்டர் ஓடுகிற கரண்டை மட்டும்தான் அளக்கும்; மோட்டார் ஓடாவிட்டால் பூஜ்யம்தான் காட்டும், கேபிளில் சப்ளை இருந்தாலும். தொழில் தெரிந்த மனுஷன். அன்றைக்குப் புத்தி பிசகிவிட்டது, பாவி.

"நொடியில போயிட்டாரும்மா. வலியே தெரிஞ்சிருக்காது," என்று தங்கையிடம் வயர்மேன் சொல்லி வைத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடுகிறாள்.

இன்று அவர் எதிலும் குறை வைக்கவில்லை. மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். டெஸ்டர் எரியவில்லை. கேபிளின் மறுமுனை வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தது. இருந்தும் பழக்க தோஷம், ஒரு வயரை மட்டும் பிரித்து மீட்டரைக் கவ்வவிட்டார்.

"செத்த பாம்பை எதுக்குண்ணே அடிக்கிறீங்க?" ஃபிட்டர் சிரித்தார்.

எண் ஏறியது.

இறங்கியது. மறுபடி ஏறியது, மூச்சு வாங்குவதுபோல்.

ஃபிட்டர் தன் மீட்டரை நீட்டினார். அதிலும் அதே ஏற்ற இறக்கம். வயர்மேன் பேனல் பக்கத்து முனையையும் வெட்டினார். இரண்டு முனையும் அறுந்த துண்டு அவர் கையில் இருந்தது. எண் நிற்கவில்லை. தீய்ந்த தோலின் வாடை எழுந்தது.

"எடுத்து விடுங்க மச்சான்..."

காதருகே.

"கை வரமாட்டேங்குது."

ஃபிட்டருக்கும் கேட்டிருக்க வேண்டும். விழுந்தடித்து ஓடினார். வயர்மேன் அங்கேயே நின்றார். நொடியில் முடியவில்லை. இன்னும் முடியவில்லை. இத்தனை மாதமாக அந்த மனுஷன் பிடித்தபடியே துடித்துக்கொண்டிருக்கிறார். வயர்மேன் வாய்விட்டு அழுதார். இனி எந்தச் சுவிட்சை அணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அங்க ஏதாவது இருந்துச்சாண்ணா?"

"ஒண்ணுமில்லம்மா. அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிடுச்சு." அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப உள்ள இருந்து கூப்பிடுறது யாருண்ணா? கையை எடுத்து விடு, எடுத்து விடுன்னு கெஞ்சுறாரு. நானும் வீடு முழுக்கத் தேடிட்டேன். அந்தக் கை எங்க இருக்குன்னுதான் தெரியலை."