காலி அறையின் சத்தம்

பாடிக்கொண்டிருக்கும்போதே யாராலும் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. ஆனால் வசந்தனின் குரல் நீண்டு ஒலித்த இடத்தில், அதன் அடியில், யாரோ மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

ரூபினி பாட்டை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். தபேலாவை அடக்கினாள், கீபோர்டை அடக்கினாள், கணவனின் குரலை மட்டும் தனியாக வைத்துக் கேட்டாள். அவனுடைய மூச்சு அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைப்போல் அவசரமாக வரும். இது நிதானமாக இருந்தது. ஈரமாக இருந்தது. மூக்கை மைக்கில் ஒட்டவைத்து எதையோ மோந்து பார்ப்பதுபோல் இருந்தது.

மழையாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அவர்கள் குடியிருந்த உலு திராமில் சில நாள்களாகவே விடாத மழை. வீட்டின் பின்னறையில்தான் அவர்கள் பாட்டைப் பதிவுசெய்தார்கள். ஜன்னலை மறைத்து நிறுத்திய மெத்தையிலும், எதிரொலி வராமலிருக்கச் சுவரெங்கும் தொங்கவிட்ட கம்பளிகளிலும் ஏறியிருந்த ஈரவாடை, கொசுவத்திப் புகையோடு கலந்து, பட்டப்பகலிலேயே அந்த அறையை மூடிய பெட்டிபோல் ஆக்கியிருந்தது.

நாளை வசந்தனின் தங்கை ஷாமளாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண். மணமேடைக்கு வரும்போது அண்ணன் பாடிய பாட்டு ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "கையப் பிடிச்சிக் கூட்டிட்டும் வரணும், பாடவும் செய்யணுமா? ரெண்டு வேலைக்கும் ஒரே சாப்பாடுதானா?" என்று வசந்தன் கிண்டலடித்தான். ஆனால் பாடும்போது அவன் கண்கள் கலங்கியதை ரூபினி பார்த்தாள். அந்தக் குரலுக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அதை மண்டபம் நிறைய ஒலிக்கவைக்கும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கைப்பேசியில் ஷாமளாவின் குரல்செய்தி வந்தது.

"அண்ணி, அனுப்புனதக் கேட்டேன். பாட்டு சூப்பர். ஆனா பின்னால மழை கொட்டுது லா. பொண்ணு வீட்டுக் கூரை ஒழுகுதான்னு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க. அந்தச் சத்தத்த எடுத்துருங்க, ப்ளீஸ்!"

இரைச்சலை எடுப்பது எளிது. யாருமில்லாத அறையின் சத்தத்தைக் கொஞ்சம் பதிவுசெய்து, இதுதான் வேண்டாதது என்று மென்பொருளுக்கு அடையாளம் காட்ட வேண்டும். அதே சத்தம் பாட்டில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப்போய் அது துடைத்துவிடும். நேற்று வசந்தன் பாடுவதற்கு முன்பு, அதற்காகவே கொஞ்ச நேரம் மைக்கைச் சும்மா ஓடவிட்டிருந்தாள். அந்தத் துண்டைக் காட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

பாட்டுக்குள் மழை நின்றுவிட்டது.

வசந்தனின் குரலும் மெலிந்துபோயிருந்தது. அடிக்கனத்தை யாரோ கரண்டியால் வழித்து எடுத்ததுபோல. ரூபினி அதன் அளவைக் கூட்டினாள். கூடவில்லை. தபேலாவைக் குறைத்தாள். கீபோர்டில் அவன் குரலோடு மோதும் அலைவரிசைகளை வெட்டி வழிவிட்டாள். ஒரே அலைவரிசையில் இரண்டு சத்தங்கள் இருந்தால் உரத்தது மற்றதை மறைத்துவிடும். அதனால்தான் ஒன்றைக் குறைத்து இன்னொன்றுக்கு இடம் தர வேண்டும். ஆனால் அவள் வசந்தனுக்காக ஒதுக்கிய ஒவ்வோர் இடத்திலும் அந்த மூச்சு வந்து உட்கார்ந்தது.

இவ்வளவு நேரமும் அவன் குரல்தான் அதை மறைத்து வைத்திருந்தது.

அதைக் கண்டுபிடித்து வெட்டுவதற்காக, அலைவரிசையில் ஒரு மெல்லிய பட்டையின் ஒலியை மட்டும் உயர்த்தி, கீழிருந்து மேலாக நகர்த்தினாள். அடியில் மூச்சு. சற்று மேலே தொண்டைக்குள் உறுமல். இன்னும் மேலே முனகல். அந்த முனகல், வசந்தன் பாடப்போகும் சுரத்தை அவனுக்கு ஒரு கணம் முன்பே தொட்டது. அவன் போகும் வழியில் முன்னால் போய்க் காத்திருப்பதுபோல்.

பாட்டை நிறுத்தினாள்.

கைப்பேசி ஒலித்தது. வசந்தன். கெலாங் பாத்தாவில் மண்டப அலங்காரத்தைப் பார்க்கத் தங்கையோடு போயிருந்தான்.

"கிளம்பிட்டீங்களா?"

 காரின் வைப்பர் ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஷாமளா பேசினாள்.

"அலமாக், அண்ணனுக்குத் தொண்டை கட்டிருச்சு அண்ணி! இப்பதான் பூக்காரன்கிட்ட சண்ட போட்டாரு, திடீர்னு வாயத் திறந்தா ஒன்னும் வரல. நல்ல வேளை, பாட்டுப் பதிவு பண்ணியாச்சு. இனிமே வீட்டுல உங்க ராஜ்ஜியம்தான்." அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணி… பக்கத்துல யாரு பாடுறது?"

ரூபினி திரையைப் பார்த்தாள். பாட்டு நின்றபடியே இருந்தது.

"யாரும் இல்லையே."

"ஆம்பளக் குரல், அண்ணி. அண்ணன் மாதிரியே…"

இணைப்பு அறுந்தது.

அப்போதுதான் அவளுக்கு நேற்றைய நினைவு வந்தது. அறை காலியாக இருக்க வேண்டும், வெளியே வாருங்கள் என்று அவனைக் கூப்பிட்டிருந்தாள். "வெளிய வந்தா சுருதி மறந்துரும், ரூபி. நான் மூச்சே விடாம நிக்கிறேன், நீ போ" என்று அவன் கெஞ்சினான். அவள் சிரித்துக்கொண்டே தனியாக வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

காலி அறை என்று அவள் காட்டியது அவன் நின்றிருந்த அறை. வேண்டாதது என்று அவள் காட்டியது அவனை.

செய்ததை ரத்துசெய்தாள். திரையில் அவன் குரலின் அலைக்கோடு மாறவில்லை. மறுபடி. மறுபடி. மூலப் பதிவைத் திறந்தாள். தபேலா இருந்தது. கீபோர்டு இருந்தது. முனகல் இருந்தது. அவன் இல்லை.

எத்தனை முறை முயன்றாளோ தெரியாது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

முனகல் நிற்கவில்லை.

கம்பளிக்குப் பின்னால். இல்லை. கம்பளிக்கு இந்தப் பக்கம்.

கதவு திறந்தது. வசந்தன் நின்றான். கார் வந்த சத்தம் கேட்கவில்லை. கேட் சத்தம் கேட்கவில்லை. தங்கையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நேராக ஓடி வந்திருக்க வேண்டும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டுகள் தரையில் விழுந்தன. ஓசையில்லாமல் விழுந்தன.

அவன் உதடுகள் அவள் பெயரை உச்சரித்தன.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நனைந்த சட்டையில் காதை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. கைகள் அவளை இறுக்கின. உள்ளே எந்தத் துடிப்பும் கேட்கவில்லை.

அவளுடைய மறு காதை ஒட்டி, சூடாக, வசந்தனின் குரல் பாடத் தொடங்கியது.

வசந்தனின் கைகள் அவளை விட்டன. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். வாயை அகலத் திறந்தான். கழுத்து நரம்புகள் புடைக்க, முகம் சிவக்க, கத்தினான்.

அறையில் பாட்டு மட்டுமே கேட்டது.