சுற்ற மறுத்த கிரேன்

கைப்பிடியைத் திருகியது இந்த அறையில். 'டக்' என்று சத்தம் வந்ததோ கூடத்திலிருந்து.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை இருட்டிக்கொண்டு வந்த பிற்பகல். ஜன்னல் வழியாக அழுக்குத் தண்ணீர் நிறத்தில் கசிந்த வெளிச்சம், மேசைமேல் துண்டுகளைப் பிரித்துப் போட்டுப் பரப்பி வைத்த கிண்ணங்கள் மீதும், புது பிளாஸ்டிக்கின் இனிப்பான வாசனை மீதும், இரண்டாயிரத்து எண்ணூறு துண்டுகள் சேர்ந்து எழுந்த மஞ்சள் பொம்மை கிரேன் மீதும் அசையாமல் கிடந்தது. ஏழு ஞாயிற்றுக்கிழமை உழைப்பு. கொக்கி இறங்குகிறது, ஏறுகிறது. கை நீள்கிறது, மடங்குகிறது. மேற்பகுதி மட்டும் சுற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. கால்வாசி திரும்பியதும் யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நின்றுவிடும்.

பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவன் அவன். தலைமுடி கனத்துக்கு மேடு இருந்தாலும் விரல் நுனியில் கண்டுபிடித்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனை இந்தப் பொம்மை நாலு முறை பிரிக்க வைத்துவிட்டது. நாலு முறையும் கியர் பெட்டியில் ஒரு தப்பும் இல்லை. பல்லோடு பல் கச்சிதமாக, இளிப்பதுபோல்.

"டேய், கூப்பிட்டியா?" கூடத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். ஏதோ துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா."

"யாரோ தாடையைப் பிடிச்சுத் திருப்பின மாதிரி இருந்துச்சு."

"நானே கடுப்புல இருக்கேன், நீ வேற."

"நாப்பத்திரெண்டு வயசுல பொம்மை வச்சு விளையாடினா கடுப்பு வராம என்ன வரும்? மூட்டை கட்டி பரண்ல போடு."

அவன் ஐந்தாவது முறையாகப் பிரித்தான். கட்டைவிரல் நகத்தடியில் சதை கன்றிப் போயிருந்தது. ஒவ்வொரு கியரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊதி, செய்முறைப் புத்தகத்தின் படத்தோடு ஒப்பிட்டு, மூச்சை அடக்கி மறுபடி மாட்டினான். மழை பிடித்துக்கொண்டது.

திருகினான். ஒன்று, இரண்டு, ஆறு பற்கள் நழுவின. ஏழாவதில் நின்றது.

"சனியனே!"

இந்த முறை விரலுக்கு ஒன்று புரிந்தது. மறுமுனையில் தடுப்பது பிளாஸ்டிக் இல்லை. பிளாஸ்டிக் முரட்டுத்தனமாக நிற்கும். இது கொஞ்சம் வளைந்து கொடுத்தது. இளகி, இறுகி, எதிர்த்துத் தள்ளியது. சதைபோல.

அப்போதே கையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் ஏழு வாரக் கோபம் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

"டேய்... கழுத்து..."

"ஒரு நிமிஷம் இரு அக்கா!" என்று கத்திவிட்டு, உதட்டைக் கடித்து, முழு பலத்தோடு திருகினான்.

மடக்.

கைப்பிடி இலகுவாகிவிட்டது. மேற்பகுதி வெண்ணெய்போல வழுக்கிச் சுற்றியது. அரை வட்டம். முக்கால். முழு வட்டம்!

"அக்கா! சுத்துதுக்கா! ஓடி வந்து பாரேன்!"

மழைச் சத்தம் மட்டும்.

கையை எடுத்தான். கைப்பிடி நிற்கவில்லை.

டக். டக். டக்.

மோட்டாரே இல்லாத கிரேன். பிடித்து நிறுத்தப் பார்த்தான். கைப்பிடி அவன் விரல்களையும் இழுத்துக்கொண்டு சுற்றியது. அப்படியே தூக்கித் தரையில் அடித்தான். ஏழு ஞாயிற்றுக்கிழமைகளும் கட்டிலடியில் சிதறி ஓடின.

அமைதி. ஒரு மூச்சு நேரம்.

கூடத்தில், டக்.

"அக்கா?"

வாசற்படி வரை போனான். நாற்காலியில் அக்கா, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னல் தெரியவில்லை. முதுகுக்கு மேலே, அவனைப் பார்த்தபடி, அவள் முகம்.

ஓடிப்போய் இரண்டு கைகளாலும் அந்தத் தலையைப் பிடித்தான். சூடாக இருந்தது. உயிர் இருந்தது. உதடு அசைந்தது.

"போதும்டா. நிறுத்து."

"நான் இல்லக்கா... நான் நிறுத்திட்டேன்க்கா..."

பாதத்தை ஊன்றி, பல்லைக் கடித்து, எதிர்ப்பக்கம் இழுத்தான். உள்ளங்கைகளுக்கு நடுவே, ஒவ்வொரு பல்லாக, அது நகர்ந்தது.

டக்.

கண்கள் அவனைக் கடந்து போயின.

காது. கூந்தல். மறு காது.

மறுபடி கண்கள்.