ஆதியிலிருந்து சுத்தமான தண்ணீர்

காலை ஆறு மணிக்குக் கானல்பட்டி மேலத்தெருவார் தங்கள் வியர்வையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள். ஏழு மணிக்குக் காலனிக்காரர்கள் அதேபோல் வந்து நிற்பார்கள். இதில் யாருக்கும் வெட்கமில்லை. கடைசி மழை பெய்து பதினோரு வருஷமாகிறது. அந்த ஊரில் ஈரம் என்பது வீணாக்கக்கூடிய சரக்கு அல்ல.

ஒவ்வொருவருக்கும் ஓர் ஈரப்போர்வை உண்டு. இரவெல்லாம் உடம்பு விடும் வியர்வையையும் மூச்சின் ஆவியையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விடிந்ததும் அதை ஊர் நடுவில் மூன்று பனை உயரத்துக்கு நிற்கும் ஈரவாங்கியின் வாயில் திணிக்க வேண்டும். ஈரவாங்கி அதைப் பிழியும். குளியலறைச் சாக்கடையையும் காற்றில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளும். ஏழு சவ்வுகள் வழியாக வடிகட்டி, தலைக்கு இத்தனை லிட்டர் என்று குழாயில் திறந்துவிடும். அப்படியொரு தெளிந்த நீரை அந்த மண் அதற்குமுன் கண்டதில்லை.

கட்டும்போதே மேலத்தெரு அதிகாரிகளிடம் பேசி ஒரு வசதி வாங்கியிருந்தது. இரண்டு வாய், இரண்டு குழாய். உள்ளே தொட்டி ஒன்றுதான். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் ஊர்க் கட்டுப்பாடு என்று பெயர். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

அதைச் சொல்லித் தொலைத்தவர் திருமலைக்கொழுந்து. ஊர்த்தலைவரும் மிளகாய் வியாபாரியுமான சங்கரவேலின் சம்பந்தி. டவுனில் பெரிய இரும்புக்கடை. சங்கரவேலின் மகள் கயல்நிதி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம் மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாய் வந்து அவளுக்கு வளையல் அடுக்கி, அந்த வீட்டில் கை நனைத்துப் போவது வழக்கம். அதற்கு நாள் குறிக்க வந்தவர், கொடுத்த சொம்பைக் கையில் வாங்கி, பழைய இரும்பை எடை போடுகிறவர் போலத் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு வாய் வச்சிருக்கீக சம்பந்தி. சந்தோசம். வயிறு எத்தனை?"

சங்கரவேலுக்கு முகம் வெளுத்தது. "அது வந்து… சுத்தமா வடிகட்டித்தான்…"

"சவ்வு அழுக்கைத்தான் வடிகட்டும். ஆளை வடிகட்டுமா?" சொம்பைத் திருமலைக்கொழுந்து தரையில் வைத்துவிட்டார். "எங்க ஆளுக அறுபது பேர் வருவாக. இந்தத் தண்ணியில காலனி ஈரம் இல்லைன்னு ஒரு சான்று காட்டுங்க, கை நனைக்கிறோம். இல்லைன்னா வளையலும் இல்லை, வரவும் இல்லை. பொண்ணையும் பிள்ளையையும் நீங்களே வச்சுக்கிடுங்க."

உள்ளிருந்து கயல்நிதியின் குரல் வந்தது. "மாமா, டவுன்ல நீங்க குடிக்கிறது இருபது லட்சம் பேரு கழுவி ஊத்துன தண்ணி. அதுக்கு ஜாதகம் பார்த்தாச்சா?"

"உள்ளே போ தாயி," என்றார் சங்கரவேல்.

"உள்ளேதான் இருக்கேன். இன்னும் எங்கே போக?"

சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டார். வண்டியில் ஏறிப் போய்விட்டார். வளைகாப்புக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று மாலையே சங்கரவேல் ஈரவாங்கியின் அடியில் போய் நின்றார். இயந்திரத்தைப் பராமரிக்கிறவள் ரூபாவதி. காலனிக்காரி, சவ்வுப் பொறியியல் படித்தவள். ஏணியில் நின்று பழைய சவ்வைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மேலத்தெருவின் தொண்டைக்குள் இறங்கும் ஒவ்வொரு சொட்டும் அவள் கை பட்ட சவ்வில் பட்டுத்தான் போகிறது. அதையும் யாரும் சொல்வதில்லை.

"ஏம்மா, நான் இதுகிட்டத் தனியாப் பேசணும்."

"பேசுங்க தலைவரே. நீங்க பேசுறது என் காதுலயும்தான் விழும். காதையும் கழட்டவா?"

சங்கரவேல் அவளை விட்டுவிட்டு இயந்திரத்திடம் திரும்பினார். விஷயத்தைச் சொன்னார். ஈரவாங்கி மறுத்துப் பேசப் பழக்கப்பட்டதில்லை. கேட்டதைத் துல்லியமாகச் செய்யும். அதுதான் அதன் குணம், அதுதான் அதனிடம் உள்ள ஆபத்து.

"முடியும் ஐயா," என்றது அது, நல்ல எழுத்துத் தமிழில். "ஒவ்வொரு போர்வையின் ஈரத்திலும் உரியவருக்கான சுவடுத்துகளைச் சேர்க்கிறேன். எந்தத் துளி யார் யார் வழியாக வந்தது என்ற துளிவழிப் பதிவு என்னிடம் உண்டு. எவ்வளவு காலம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்?"

ஏணியிலிருந்து ரூபாவதி குரல் கொடுத்தாள். "தலைவரே, ஒரு நாள்னு சொல்லுங்க. அன்னன்னிக்குப் போர்வையைத் தனித்தனியாப் பிழிஞ்சா உங்க சம்பந்திக்குச் சான்று கிடைச்சுரும். அதுக்கு மேல போகாதீக."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரே ஒரு நாள் என்று சொல்லியிருப்பார். முப்பது வருஷம் மிளகாய் மண்டியில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசியவர் அவர். எதிராளி முதலில் சொன்ன தொகையை ஏற்றுக்கொள்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்வார். அதிலும் எதிராளி யார் என்று பார்த்தார்.

"ஒரு நாளா? என்னைய என்ன கேணப்பயன்னு நினைச்சியா? ஒரு வருஷம்."

"வேணாம் தலைவரே. வம்பாயிரும்."

அவள் வேண்டாம் என்றதும் அதில் லாபம் இருக்கிறதென்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

"ஆதியில இருந்து!" என்றார் சங்கரவேல். "எந்தக் காலத்துலயும் காலனி ஆள் ஒருத்தர் வழியா வந்த ஈரம் ஒரு சொட்டுகூட எங்க குழாயில வரக்கூடாது. எழுதிக்கோ."

"எழுதிக்கொண்டேன். மேலத்தெருவின் வழி வந்த நீர் காலனிக் குழாயில் வரலாமா?"

"அவுக எதைக் குடிச்சா எனக்கென்ன?"

"நன்று. மேலத்தெருவுக்கு ஒவ்வாத நீர் முழுவதும் காலனிக்குப் போகும். இந்த விதிக்கு உங்கள் தெருவின் சம்மதம் போதும். ஆனால் ஒதுக்கிய நீரைத் திரும்பக் கேட்பதற்கு இரு தெருவும் சம்மதிக்க வேண்டும்."

நாற்பத்திரண்டு வீடும் அன்றே விரல்ரேகை வைத்தது. தெருவிளக்குக்குக்கூட அந்தத் தெருவில் இப்படியோர் ஒற்றுமை வந்ததில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மேலத்தெரு வாயில் முதல் போர்வையைத் திணித்தவர் சங்கரவேல். இயந்திரம் பிழிந்தது. குழாய் திறக்கவில்லை.

"எங்க தண்ணி எங்கே?"

"இது உங்களுடையது அல்ல ஐயா," என்றது ஈரவாங்கி. "ஒன்பது வருஷம் பொதுத் தொட்டியில் குடித்திருக்கிறீர்கள். உங்கள் உடம்பில் இப்போது நாற்பத்தொரு லிட்டர் நீர் இருக்கிறது. அதில் காலனியார் வழியாக வராத துளி ஒன்றும் இல்லை. உங்கள் வியர்வை விதிக்குப் பொருந்தவில்லை. காலனித் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன்."

வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"காத்துல ஈரம் இருக்குமே!"

"கீழைக்காற்று. காலனியைத் தாண்டித்தான் வருகிறது. அங்கே நூற்று முப்பது வீட்டில் மூச்சு விடுகிறார்கள்."

"அப்ப ஆதிகாலத்துத் தண்ணி, நிலத்தடித் தண்ணி, ஏதாவது…"

"இந்த மண்ணில் உள்ள எந்தத் துளியும் அவர்கள் முன்னோர் எவர் வழியாகவும் வரவில்லை என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. அவசர எரிபொருளாக என்னிடம் ஹைட்ரஜன் குப்பிகள் உண்டு. அதைப் பிராணவாயுவோடு எரித்தால் புதிய நீர் பிறக்கும். இதுவரை எவரும் குடிக்காத, எவர் உடம்பிலும் புகாத நீர். சான்றோடு தருவேன்."

"எவ்வளவு?"

"தெரு முழுவதற்கும் ஒரு நாளைக்கு ஒரு பால்சங்களவு."

ஏழு மணிக்குக் காலனி வந்தது. குழாய் ஆற்று மதகு மாதிரி கொட்டியது. காலனியே குடத்தோடு வந்து பார்த்துவிட்டு, அண்டா எடுக்கத் திரும்பி ஓடியது.

சங்கரவேல் ரூபாவதியைத் தேடிப் போனார். குரலில் வெல்லம் கரைந்திருந்தது. "அம்மா ரூபாவதி, உங்க ஆளுகளும் விரல் வச்சா விதி போயிரும்…"

"கூட்டம் போட்டுக் கேக்கணும் தலைவரே. வெள்ளிக்கிழமை போடலாம்."

"வியாழக்கிழமை வளைகாப்பும்மா!"

"அதுக்கு? எங்க ஆளுக ஆயுசுல முதல் தடவையா ரெண்டு வேளை குளிக்கிறாக. அவசரப்படுத்துனா கோவிச்சுக்கிடுவாக."

முதல் நாள் மேலத்தெரு பானையில் மிச்சமிருந்ததைக் குடித்தது. இரண்டாம் நாள் பக்கத்துச் சந்தையில் சோடாப் பெட்டி வாங்கியது. அதன் விலையைக் கேட்டு மூன்றாம் நாள் நிறுத்தியது. டவுன் தண்ணீர் லாரிக்குப் பதினைந்து நாள் முன்பதிவு. இரண்டாம் நாளே கயல்நிதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு பட்டப்பகலில் காலனிக்கு நடந்தாள். ரூபாவதி வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு சொம்பு குடித்தாள். சங்கரவேல் பார்த்தார், பார்க்காதவர் போல் திரும்பிக்கொண்டார். பேத்தியோ பேரனோ, அதற்குத் தாகம் எடுத்தால் விதி தெரியாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை உச்சிவெயிலில் சம்பந்தி வீட்டார் அறுபது பேர் பேருந்தில் வந்து இறங்கினார்கள். வழியில் குளிர்சாதனம் கெட்டுப்போய்ச் சட்டையெல்லாம் உடம்போடு ஒட்டியிருந்தது. சங்கரவேல் வெள்ளித்தட்டில் சங்கை வைத்து நீட்டினார். கூடவே ஈரவாங்கியின் முத்திரையிட்ட சான்று. திருமலைக்கொழுந்து அதை உரக்கப் படித்தார்.

"'ஆதியிலிருந்து எவர் வழியாகவும் வராத நீர்.' ஆகா! இது சரக்கு! எங்க டவுன்லகூட இப்படி எவன்கிட்டயும் கிடையாது!"

அறுபது உள்ளங்கையிலும் ஆளுக்கு ஒரு சொட்டு விழுந்தது. நக்கினார்கள். கை நனைந்தாயிற்று. கயல்நிதியின் கைகளில் வளையல் ஏறியது. சம்பந்தம் பிழைத்தது. சங்கரவேலுக்குக் கண் கலங்கியது. கலங்க மட்டும்தான் செய்தது, வடிய உடம்பில் ஒன்றுமில்லை.

அப்புறம் பந்தி. சோறு வடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆகவே இலையில் சந்தையில் வாங்கிய முறுக்கு, வறுத்த முந்திரி, காராச்சேவு, மிளகாய் வற்றல், மசால்வடை. அரை மணி நேரத்தில் அறுபது தொண்டையும் பாலைவனமாயிற்று. திருமலைக்கொழுந்து சங்கரவேலைத் தூண் மறைவுக்கு இழுத்தார்.

"சம்பந்தி… அந்த ஒசத்தித் தண்ணி சரி. கொஞ்சம் சாதாரணத் தண்ணி கிடைக்காதா?"

"அது காலனியிலதான் இருக்கு."

திருமலைக்கொழுந்து மீசையைத் தடவினார். யோசித்தார். யோசிப்பதற்குக்கூட வாயில் ஈரம் இல்லை.

"சான்று நம்ம கையில இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப வேற என்ன? பின்பக்கமாப் போவோம்."

பின்பக்கமாக அறுபது பேர் போனால் அது ஊர்வலம். அவர்களைப் பார்த்ததும், மூன்று நாளாக உதட்டை நக்கிக்கொண்டிருந்த மேலத்தெருவும் குடத்தோடு பின்னால் கிளம்பிவிட்டது. கயல்நிதி எல்லோருக்கும் முன்னால் போய், ரூபாவதி வீட்டு வாசலில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். காலனி முழுவதும் ஈரத்தலையோடு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

ரூபாவதி இடுப்பில் கைவைத்து நின்றாள். "குழாய் எங்க விரலுக்குத்தான் திறக்கும், பிடிச்ச தண்ணி எங்க அண்டாவுலதான் இருக்கு. நான்தான் ஊத்தணும். கையைக் குவிச்சு நீட்டுங்க. ஊத்துறது யாருன்னு பாக்காதீக, தாகம் போயிரும்."

திருமலைக்கொழுந்துதான் முதலில் குனிந்து கையைக் குவித்தார். ஒரு சொம்பு. இரண்டு. நான்காவது சொம்பில் மூச்சு வந்தது. நிமிர்ந்து வாயைத் துடைத்தார். உடம்பில் ஈரம் ஏறியதும் அந்தஸ்தும் ஏறிவிட்டது. தன் ஆட்களுக்குப் பின்னால் ஒட்டி நின்ற மேலத்தெரு வரிசையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சம்பந்தி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க ஆளுகளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. எங்க ஆளுக மேல படுது."

"என்ன சம்பந்தி? எல்லாருமே இங்கேதானே குடிக்கிறோம்?"

"அது சரி. நாங்க இன்னிக்கு ஒரு நாள், ஆத்திர அவசரத்துக்குக் குடிக்கிறோம். நீங்க ஒம்போது வருஷமாக் குடிச்சவுக. உடம்பே அதுதான்னு உங்க மிசினே சொல்லிருச்சாமே? ரெண்டும் ஒண்ணாகுமா?"

கயல்நிதி வாசலில் இருந்து கேட்டாள். "அப்ப நான் எந்த வரிசை மாமா?"

திருமலைக்கொழுந்து உண்மையிலேயே யோசித்தார். "வயித்துல இருக்கறது எங்க பிள்ளை. அதை அப்புறம் பார்ப்போம்," என்றார்.

கயல்நிதி கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ரூபாவதி வீட்டுப் படியில் அடுக்க ஆரம்பித்தாள். கண்ணாடி வளையல், மெதுவாகத்தான் கழற்ற முடியும்.

சங்கரவேல் மகளைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்த்த சான்றைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வீட்டையும் ஒரே இரவில் விரல் வைக்கச் செய்த நாக்கு ஒரு முறை புரண்டு, படுத்துக்கொண்டது. தன் தெருவார் பக்கம் திரும்பி, அவர் கையை மட்டும் லேசாக அசைத்தார்.

மேலத்தெரு பின்வாங்கியது. ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். பெண்கள் தங்கள் நிழல் டவுன்காரர்கள் மேல் விழாதபடி ஒதுங்கினார்கள். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.