நூல் அறுத்த குப்பிகள்

வாசனைத் தொழிற்கூடத்தின் பெரியவர் மழையோடு துப்பறிவாளரின் வீட்டுக்குள் வந்தார். துப்பறிவாளரின் மச்சான் அடுப்பில் வைத்த பாலை மறந்துபோயிருந்தான். தீய்ந்த நெடி தாங்காமல், கடிதம் கொடுக்க வந்த தபால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டு மூக்குக்குன்னு ஒரு மரியாதை உண்டு. அதை என் மாப்பிள்ளை கெடுத்துட்டான்."

அனுப்பிய ரோஜா சென்ட், மணமே இல்லையென்று திரும்பி வந்துவிட்டதாம். கலவை அறைக்குள் போகிறவர்கள் அவரும் மாப்பிள்ளையும் மட்டுமே.

"ரோஜா எண்ணெயைத் திருடிட்டு வெறும் கரைப்பானை ஊத்தி வச்சிருக்கான். நிரூபிச்சுக் கொடுங்க, இன்னைக்கே வீட்டை விட்டுத் துரத்திடறேன்."

"உங்க மக?"

"அவ என் மக. இருப்பா."

கலவை அறையில் வெளிச்சம் குறைவு. அலமாரி முழுக்க ஒரே மாதிரியான பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றிலும் பெயர் இல்லை.

"சீட்டு ஒட்ட மாட்டீங்களா?" என்றான் மச்சான்.

"மூக்கு இருக்கிறவனுக்குச் சீட்டு எதுக்கு?"

தரையில் கறுப்பு நூல் துண்டுகள் கிடந்தன. துப்பறிவாளர் குனிந்து ஒன்றை எடுத்தார்.

"அது மாப்பிள்ளை வேலை. சில குப்பிங்க கழுத்துல கட்டியிருந்தான். திருட்டு அடையாளம்! இந்த சென்டைக் கலக்கறதுக்கு முன்னாடியே நான்தான் அறுத்துப் போட்டேன்."

திரும்பி வந்த சென்டில் ஒரு சொட்டைத் துப்பறிவாளர் தண்ணீர் டம்ளரில் விட்டார். அது கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

"ரோஜா எண்ணெய் மிதக்கும். இது நீங்க சொன்ன கரைப்பான், டைஎத்தில் தாலேட். தண்ணியை விட கனம். நிறம் கிடையாது, வாசனையும் இல்லைன்னே சொல்லலாம். மத்த வாசனையைக் கரைச்சு, சீக்கிரம் பறந்து போகாம பிடிச்சு வைக்கும். ஆனா தனியா இருந்தா வெறும் ஊமை."

"அப்போ மாப்பிள்ளைதான் அத்தான்!"

"பால் பொங்கறதுக்குள்ள குதிக்காதே."

ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். மிதந்தவற்றில் ஒன்று ரோஜாவாக மணத்தது. அந்தக் குப்பி கழுத்து வரை நிறைந்திருந்தது. ரோஜா எண்ணெய் எங்கும் போகவில்லை.

பிறகு திரும்பி நின்று, வேறொரு குப்பியில் காகிதத் துண்டை நனைத்துப் பெரியவரிடம் நீட்டினார். "இது என்ன?"

பெரியவர் கண்ணை மூடி, நீளமாக இழுத்தார். "ரோஜா. நம்ம சரக்கேதான்."

மச்சான் வாங்கி முகர்ந்தான். ஒன்றுமில்லை. அதே குப்பியின் சொட்டு டம்ளரின் அடியில் போய்க் கிடந்தது.

"பால் தீஞ்ச அறையில நீங்க முகம் சுளிக்கல. அப்பவே சந்தேகப்பட்டேன்," என்றார் துப்பறிவாளர் மெதுவாக. "திருடறவன் அடையாளம் வைக்க மாட்டான். நீங்க குப்பி மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு, கரைப்பானுக்கு மட்டும் அவர் நூல் கட்டினார். நீங்க அறுத்துட்டீங்க. எண்ணெய்னு நினைச்சு கரைப்பானையே மறுபடியும் ஊத்திட்டீங்க."

கதவோரம் மாப்பிள்ளை தலை குனிந்து நின்றிருந்தான்.

"எப்போலேருந்து தெரியும்?" பெரியவர் அவன் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல்ல விழுந்து எழுந்தீங்களே மாமா, அப்போலேருந்து."

"திருடன்னு சொன்னப்போ கூடவா வாயைத் திறக்கல?"

"உங்க மூக்கு போயிடுச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்றது மாமா?"

வெளியே மழை விடவில்லை. பெரியவர் சிரமப்பட்டுக் குனிந்து, தரையில் கிடந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். உள்ளங்கையை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"எதெதுல கட்டணும்னு நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை."