ஏழாம் அறையின் கீழ்க்குரல்

மாலை நான்கு மணிக்கு ஏழாம் அறையைத் திறக்கப் போனேன். ஜனவரி மாதம். எங்கள் வடகடல் ஊரில் அந்நேரத்துக்கே இருட்டிவிடும். மீனுக்கு உப்புப் போட்டுவைத்த பழைய கிடங்கைத்தான் இசைக் கல்லூரி ஆக்கியிருக்கிறார்கள். ஈரம் ஏறினால் சுவரிலிருந்து இன்னும் மீன் வாடை வரும். எங்கள் இயக்குநர் அதை 'மரபின் மணம்' என்பார்.

உள்ளே வீப்கே காலை எட்டிலிருந்து அடைபட்டிருந்தாள். எங்கள் தேர்வு அப்படித்தான். ஒரு சிறு மெட்டைக் கொடுத்து, பியானோ இல்லாத அறையில் எட்டு மணி நேரம் பூட்டிவைப்போம். அந்த மெட்டை நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்துவதுபோல ஃபியூக் எழுதித் தர வேண்டும். பென்சில், ரப்பர், ரொட்டி, இவ்வளவுதான் அனுமதி. அவளுக்கு இது மூன்றாவது முறை. இதிலும் தவறினால் கல்லூரியை விட்டே போக வேண்டியதுதான்.

தாளை வாங்கிப் பார்த்தேன். மேல் மூன்று குரல்களும் அவளுடைய பென்சில் கிறுக்கல். நான்காவதான கீழ்க்குரல் மட்டும் பழுப்பு மையில், அச்சுக் கோத்ததுபோல இருந்தது.

நன்றாகவும் இருந்தது. அதுதான் உறுத்தியது. பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். என்னிடம் படித்த ஒருவரும் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

"மை ஏது?"

"எங்கிட்ட மை இல்ல, ஹெர் லோரென்ஸ்."

"பின்ன தாள்ல தானா முளைச்சுதா?"

"மூணு மணிக்குக் கீழ்க்குரல் வரவே மாட்டேன்னுது. மேஜைல கவுந்து அழுதேன். பின்னாடி யாரோ முனகிட்டே இருந்தாங்க. நீங்கதான்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "நிமிர்ந்து பாத்தா எழுதியிருந்துது."

அந்த அறைக்குச் சாவி ஒன்றுதான். அது என் பையில் இருந்தது.

இயக்குநர் பேராசிரியர் முனைவர் ஆக்டர்பெர்க், தன் பெயரைச் சொல்லி முடிக்கவே இரண்டு முறை மூச்சு வாங்குகிறவர். நான் கொண்டுபோன தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சாவி உங்ககிட்ட. கீழ்க்குரல் இவ்ளோ சுத்தம். அந்தப் பொண்ணு மேல அவ்ளோ கரிசனமா, லோரென்ஸ்?"

"நான் எழுதினா இப்படி வருமா? என் பாட்டெல்லாம் நீங்க கேட்டிருக்கீங்களே."

சற்று யோசித்தார். "அதுவும் சரிதான். நாளைக்கு நானே மெட்டு தரேன். மூணு பேரும் உள்ள உக்காருவோம், மூணு மணி நேரம்தான். எழுதினா தேர்ச்சி. இல்லன்னா மூட்டையக் கட்டட்டும்."

மறுநாள் காலை பத்து மணி. வெளியே பனி வெயிலில் பளபளத்தது. அறையில் நிழலுக்குக்கூட இடமில்லை. இயக்குநர் கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். நான் வீப்கேயின் சட்டைக் கையைப் பார்த்தேன். அப்படியே இயக்குநரின் பையையும் பார்த்தேன். யாரை நம்புவது?

மதியத்துக்குள் மூன்று குரல்கள் வந்துவிட்டன. கீழ்க்குரலுக்கான ஐந்து கோடுகள் காலியாகக் கிடந்தன.

"இன்னும் அரை மணி நேரம்," என்றார் இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

வறண்ட குளிர்நாள். ஆனாலும் மீன் வாடை ஏறியது.

பிறகு முனகல்.

தரைப் பலகைக்கு அடியிலிருந்து வருவதுபோல, அவ்வளவு கீழே. வீப்கேயைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

அசைவில்லை.

இயக்குநர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. தொண்டை மட்டும் புடைத்துப் புடைத்து அடங்கியது.

மனிதருக்குக் கீச்சுக்குரல். ஜலதோஷம் பிடித்தால்தான் கொஞ்சம் கீழே இறங்கும். இது அந்தக் கீழுக்கும் பல அடி கீழே.

வீப்கே தலை நிமிரவில்லை. கண்ணீர் வழிய வழிய, கேட்டதை எழுதினாள். ஒன்பதாவது தாளக் கட்டத்தில் முனகல் சட்டென்று நின்றது. இயக்குநரின் விரல் நீண்டு மூன்றாம் குரலைத் தட்டியது. இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளியில் ஜோடி போட்டு நடந்திருந்தன. எங்கள் தொழிலில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, இதற்கு இல்லை.

"மன்னிச்சுக்கோங்க," என்று முணுமுணுத்து அழித்து எழுதினாள்.

முனகல் தொடர்ந்தது.

முடிந்ததும் இயக்குநர் தன் வழக்கமான கீச்சுக்குரலில், "நேரம் ஆச்சு," என்றார். தாளை எடுத்துப் படித்தார். "பரவாயில்லையே. ஒன்பதாவது கட்டத்துல நல்லாத் தப்பிச்சிருக்கீங்க."

"நீங்கதான காட்டினீங்க..." என்றாள் வீப்கே.

"நானா? நான் வாயே தொறக்கலியே."

அது உண்மைதான்.

இருவரும் கையெழுத்துப் போட்டோம். வீப்கே தேறினாள். பட்டமளிப்புக்குக்கூட நிற்காமல் மாலை ரயிலில் ஊருக்குப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்று நாள் கழித்து, வெளித் தேர்வாளருக்கு அனுப்ப அவளுடைய மதிப்பெண் படிவத்தைக் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது கையெழுத்து அவர் போட வேண்டியது.

"எதுக்கு அனுப்பணும்?" என்றார் எழுத்தர் ஃபிராவ் டெட்லெஃப்ஸ். "மூணு கையெழுத்தும் இருக்கே. முத்திரையும் குத்தியாச்சு. உங்க தேர்வாளர் இந்தக் காலத்துலயும் மைக்கூடு வச்சிருக்காரு போல."

மூன்றாவது கட்டத்தில் பழுப்பு மை. தொட்டேன். விரலில் ஒட்டியது.

அதன் கீழே குறிப்புக்கென்று விட்ட இடத்தில், அச்சுக் கோத்த எழுத்தில் இரண்டு வரிகள்.

மாணவி தேர்ச்சி.

லோரென்ஸ், திங்கள் காலை எட்டு மணி, ஏழாம் அறை.